காற்று வராத சுருட்டு

எண் மட்டும் ஒட்டிய சுருட்டை மேஸ்திரி என் முன்னால் வைத்தார். யார் சுற்றியது என்று ருசி பார்ப்பவனுக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நாக்கு சொந்தம் பார்க்குமாம். நுனியை வெட்டி, பற்றவைப்பதற்கு முன் வெறுமனே ஓர் இழுப்பு இழுத்தேன். காற்று வரவில்லை. என் மனைவி சுற்றியது என்று தெரிந்துவிட்டது.

உயர்ரகச் சுருட்டு சுற்றுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். மகள் செத்துப்போன பிறகு வேலைக்குத் திரும்பியவள், காற்றுக்கு வழியில்லாமல் இலையை இறுக்கி நெரிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே இரண்டு முறை அவள் சுருட்டு தேறாமல் தள்ளுபடி ஆகியிருந்தது. இன்னொரு முறை ஆனால் சுருட்டு சுற்றும் மேசை போய்விடும், குடோனில் உட்கார்ந்து இலை பிரிக்க வேண்டியதுதான். இந்த மேசையை விட்டால் அவளுக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை. வீட்டில் சாப்பாடு போடுவாள், சாப்பிடுவேன், அவ்வளவுதான் சம்சாரம். வாய்விட்டு அழுதுவிடுங்கள் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அழுகை என்ன, கடையிலா விற்கிறது?

பற்றவைத்தேன். கன்னம் ஒட்ட இழுத்தும் வாய்க்கு வந்தது கொஞ்சம் சூடு, கொஞ்சம் கசப்பு. இலை என்னவோ அருமையான இலை, பாவம். பக்கத்தில் என்னோடு ருசி பார்க்கிறவன், ஈரத்தில் இலை ஊதியிருக்கும், தேற்றிவிடலாம் அண்ணே என்று முணுமுணுத்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. நல்ல மனுஷன். நான் தலையாட்டினால் போதும்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தள்ளுபடி என்று சொல்லிவிட்டு, மேஸ்திரியை முந்திக்கொண்டு அவள் மேசைக்குப் போனேன். அடுத்ததைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உன்னோடதைத் தள்ளிட்டேன். காத்தே வரல."

"தெரியும்." நிமிரவில்லை.

"தெரிஞ்சும் ஏன் இப்படி நெரிக்கிற?"

"நர்ஸ் வந்து பிரிக்கிற வரைக்கும் அவ கையைப் பிடிச்சிட்டிருந்தேன்ல," என்றாள், காய்கறி விலை சொல்கிற குரலில். "அதுக்கப்புறம் எதைப் பிடிச்சாலும் விட வரலங்க."

மேஸ்திரி வந்து நின்றார். அதை வைத்துவிட்டு எழுந்திரும்மா என்றார். எழுந்தாள். பாதி சுற்றிய சுருட்டு கையிலேயே இருந்தது. அவர் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தார். நான் குனிந்து அவள் விரல்களைப் பிரிக்கத் தொடங்கினேன். கட்டைவிரல் வந்தது. மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. நசுங்கிய இலை மேசையில் உதிர்ந்தது. சுண்டுவிரலையும் பிரித்தபோது அந்தக் கை அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டது, எலும்பு வலிக்கிற பிடி.