மேடையில் கூவிய பெயர்

மேடையில் ரெய்காவின் வலது மணிக்கட்டு இரண்டு முறை உதறியதும், கீழே நின்ற யுகாரி ஓரடி முன்னால் வந்தாள். ஷிபுயா கிளப்பில் ஞாயிறு மதிய ஆண்டுவிழா. வரிசையாக நின்று கைகளை வீசி ஆடும் பாரா பாரா நடனத்தின் மூன்று குழுக்கள் சேர்ந்து எடுத்திருந்த அரங்கு. யுகாரியின் குழு இந்த விழாவுக்கென்று பூட்டி வைத்திருந்த புதிய அசைவுகளை ரெய்காவின் குழு முந்திக்கொண்டு, விரல் பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நிற்கும் தலைவி அடுத்த அசைவின் பெயரைக் கூவ, பின்னால் நிற்கும் கைகள் அதைச் செய்யும். ஒவ்வொரு குழுவும் தன் பெயர்களைத் தானே வைத்துக்கொள்ளும். அந்த மணிக்கட்டு உதறலுக்கு யுகாரி குழு வைத்த பெயர் மழைத்துளி.

ரெய்கா கூவியதோ வேறு.

“அப்பா உதறல்!”

கூட்டம் சிரித்தது. யுகாரி சிரிக்கவில்லை. கிதாசென்ஜுவில் தன் வீட்டு நூடுல்ஸ் கடையில், கொதிநீரிலிருந்து வடிகூடையைத் தூக்கி அப்பா உதறுவதைப் பார்த்துத்தான் அந்த அசைவே பிறந்தது. வீட்டுக்குள் மட்டும் சொல்லிக்கொண்ட அந்தப் பெயரை அறிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்: அவளும் தங்கை அசுமியும். ரெய்கா திருடிய சட்டையின் பொத்தானைக்கூட மாற்றாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

உடைமாற்றும் அறையில் யுகாரி குழுப் பெண்கள் தங்களில் ஒருத்தியான தொமொமியைச் சுவரோடு நிறுத்தியிருந்தார்கள். ரெய்காவோடு அவள் காப்பி குடித்ததை மரியோ பார்த்திருந்தாள்.

“சத்தியமா நான் இல்லடி. அவளும் நானும் ஒரே ஸ்கூல். காப்பி குடிச்சது ஒரு குத்தமா?”

“நீ குடிச்ச. அவளுக்கு நம்மள ஊத்திக் குடுத்துட்ட,” என்றாள் மரியோ. “யுகாரி அக்கா, என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? அவ ஜாக்கெட்டக் கழட்டுங்க.”

காட்டிக்கொடுத்தவளின் குழு ஜாக்கெட்டைத் தலைவியான யுகாரி தன் கையால்தான் கழற்ற வேண்டும். அதன் பிறகு எந்தக் குழுவும் அவளை மேடையேற்றாது. தொமொமி ஜாக்கெட்டை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அறையின் மூலையில் அசுமி கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்து, ஏற்கெனவே ஒட்டியிருந்த பொய் இமையை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டால் போதும். அசுமிதான் என்று யாருக்கும் தெரியாது. அப்பா இதுவரை ஒருவரிடமும் வீட்டுக்காகத் தலை குனிந்ததில்லை. கடை வாசலில் தொங்கும் துணியில் கறை படக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே பெண்களை வளர்த்தவர். ஆனால் அந்தக் கறையை இன்னொரு வீட்டுப் பெண்ணின் முகத்தில் துடைத்து வைத்தால் துணி வெளுத்துவிடுமா? கறையை ஒளிக்கிற வீட்டுக்கு மானம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

யுகாரியின் கை தொமொமியின் தோள்வரை போய் நின்றது.

“அவள விடுங்க. அப்பா உதறல் எங்க வீட்டுப் பேச்சு,” என்றாள். “அசுமி, இங்க வா.”

அசுமி திரும்பினாள். ஓர் இமைதான் ஒட்டியிருந்தது.

“முன்வரிசையில ஒரே ஒரு தடவ நிக்கிறேன்னு எத்தன நாள் கேட்டேன்? தங்கச்சிக்குச் சலுகைன்னு நாலு பேர் பேசுவாங்கன்ன. இவங்கள விட நான் மோசமா ஆடுறேனா, சொல்லு? ரெய்கா தன் முன்வரிசையில நிக்க வெக்கிறேன்னு சொன்னா, அதான் சொல்லிக் குடுத்தேன். கடைசில நிக்க வெக்கல.”

“அதுக்கு வீட்ட வித்துட்டியா?”

“வீட்டுல ஆடுறதுக்கு மட்டும்தானக்கா நான் வேணும் உனக்கு.”

தங்கை நன்றாக ஆடுவாள். தன்னைவிட நன்றாக. அது தெரிந்தேதான் பின்வரிசையில் நிறுத்தி வைத்திருந்தாள். யுகாரி தங்கையின் ஜாக்கெட் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது. அசுமியே குனிந்து விடுவித்துக் கொடுத்தாள்.

“அடுத்து நீங்கதான்,” என்று கதவைத் தட்டினார்கள்.

பாட்டும் அதன் அசைவுகளும் ஏற்கெனவே குறித்துக் கொடுத்தவை, மாற்ற வழியில்லை. மேடையேறியதும் கீழிருந்து, “அட, காப்பி அடிக்க வந்துட்டாங்கடா!” என்று ஒரு குரல் வந்தது. பிந்தி ஆடுகிறவர்கள்தான் எப்போதும் திருடர்கள். தொமொமி யுகாரியின் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

தாளம் ஏறியது. குழுவே யுகாரியின் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. அவள் அசைவின் பெயரைக் கூவ மூச்சை இழுத்தாள். அப்போது கூட்டத்துக்கும் பின்னால், வெளிவாசல் ஓரத்தில், ஜாக்கெட் இல்லாத அசுமியின் இரண்டு கைகள் மெல்ல உயர்ந்து, அந்தப் பெயருக்காக அந்தரத்தில் நின்றன.