தலையில் விழுந்த கல்

காலை பத்து மணிக்கு ஆய்வாளரின் மேசையில் ஒரு கொலை முயற்சி வழக்கு வந்து நின்றது. ஆயுதம்: கல். காயம்: தலையில். தாக்கியவர்: பெண், அடையாளம் தெரியவில்லை. இடம்: காவல் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பறக்கும் வண்டிப் பட்டறை. அனுப்பியது ஒட்டுக்கேட்பான். சுவருக்குச் சுவர் காது வைத்துக்கொண்டு, யாராவது ஆபத்து என்று வாய் திறந்தாலே வழக்குப் பதிந்துவிடும் இயந்திரத்துக்கு நிலையத்தில் வைத்த பட்டப்பெயர் அது.

இடத்தைப் படித்ததும் ஆய்வாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பட்டறையில் இருப்பதே ஒரே ஆள், மெக்கானிக். தன் வண்டியில் இல்லாத கோளாறையெல்லாம் சொல்லி இரண்டு வருஷமாக அவள் அங்கே போய்வந்தது அவனைப் பார்க்கத்தான். அதைச் சொன்னாளா என்றால், அதுதான் இல்லை! கொலைகாரனையே நாலு கேள்வியில் கக்க வைப்பவளுக்கு அவன் முன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நேற்றும் சொல்லத்தான் போனாள். வாயில் வந்தது, "மாற்றல் வந்திருக்கு, திங்கட்கிழமை கிளம்பறேன்." அந்த மகாராசனும் "சரிங்க மேடம்" என்று ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டான்.

தொப்பியைக்கூட மாட்டாமல் ஓடினாள். வண்டிக்கு அருகில் குந்தியிருந்தவனின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, முடியை விலக்கி விலக்கித் தேடினாள்.

"எங்க அடி? யாரு கல்லைப் போட்டது?"

"என்ன கல்லு மேடம்?"

"உங்க குரல்லதான் பதிவாகியிருக்கு!"

அவன் காது சிவந்துவிட்டது. "ஐயோ, அது அக்காகிட்ட போன்ல புலம்பினது. இப்படித் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டுப் போறாளேன்னு..."

"யாரு போறா?"

"திங்கட்கிழமை கிளம்பறவங்கதான்."

அந்த அசட்டு இயந்திரத்தின் மேல் கோபம் வரவேண்டியது; சிரிப்புதான் வந்தது, கண்ணும் கலங்கியது. "இதை நேத்தே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீங்க போலீசு மேடம். பயம்தான்."

அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவி வழியாக ஒட்டுக்கேட்பான் குரல் கொடுத்தது. "தாக்கியவர் யார்?"

"நான்தான்" என்றாள்.

"மேடம், வேணாம்!" என்று அவன் பதறினான்.

"விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் ஊரை விட்டுப் போகக்கூடாது. மாற்றல் உத்தரவு நிறுத்தப்படுகிறது. விசாரணை எப்போது முடியும்?" என்றது இயந்திரம்.

"பாதிக்கப்பட்டவரு லேசுல வாயைத் திறக்கற ஆளு இல்ல. ரொம்ப நாளாகும்."

மெக்கானிக் காலாலேயே ஒரு முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். அதில் எண்ணெய்க் கறை இருப்பதைப் பார்த்துவிட்டு, தன் சட்டை நுனியை எடுத்து அழுத்தி அழுத்தித் துடைக்க ஆரம்பித்தான்.