வாசலில் விட்ட நாலு ஜோடி

என் தம்பிக்குத் தும்மல் வந்தால் மருந்துக்கடைக்குப் போவான். தும்மல் வராவிட்டாலும் போவான். அந்த மழைக்காலத்தில் அவன் வாங்கி அடுக்கிய தொண்டை மிட்டாயை வைத்து ஒரு பள்ளிக்கூடத்து இருமலையே நிறுத்தியிருக்கலாம். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்குத் தொண்டையில் என்ன கோளாறு என்று கேட்டால், "கேபிள் தூசு, அக்கா" என்பான். என்னிடமா? நான் பல் செட் செய்கிறவள். வாயைத் திறந்தாலே ஒருத்தருடைய வண்டவாளம் எனக்குத் தெரிந்துவிடும்.

கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண் நம் பாஷைக்காரி. அதைக் கண்டுபிடித்ததே நான்தான். ஒருநாள் அவள் கையிலிருந்து மாத்திரைப் பெட்டி நழுவி விழுந்தது. "ஐயையோ!" என்றாள். வெளிநாட்டுக்கு வந்த பிறகு வெளியாள் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லையா, எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நின்ற நிலையில் எல்லாம் விசாரித்துவிட்டேன். கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பல்வரிசையும் அருமை. அடுத்த மாத்திரையை வாங்கத் தம்பியை அனுப்பினேன். அதற்குப் பிறகு அவனை யாரும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாகவே போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மலையேறப் போவேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். உடனே இவன், "நானும்தான், வருஷக்கணக்கா போறேன்" என்று அளந்துவிட்டிருக்கிறான். மனிதர்கள் படியேறாமல் இருக்க வழி செய்வதே இவன் பிழைப்பு. இரண்டாவது மாடிக்கே பட்டனை அமுக்கிவிட்டு நிற்கிற ஆள்.

"அப்ப வர்ற ஞாயிறு எந்த வழின்னு நீங்களே பாருங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். என்னிடம் தனியாகவும் ஒரு வார்த்தை சொன்னாள், டப்பாவில் லேபிள் ஒட்டிக்கொண்டே. "தப்பா நினைக்காதீங்க மேடம். சோபாவுல உக்காந்திருக்கும்போது எல்லாருமே நல்லவங்களாத்தான் இருக்காங்க. மலையில கூட நடந்து பாத்தாத்தான் ஆள் எப்படின்னு தெரியும். நடந்துட்டு முடிவு சொல்றேன்."

வீட்டுக்கு வந்து தம்பியைக் காய்ச்சி எடுத்தேன். சோற்றைப் பிசைந்தபடி, "அவங்க வேணாம்னு சொல்லிட்டா எனக்கு வேற யாரும் வேணாம்க்கா" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது. சரி, வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன, ஏறிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தோம். நானும் என் வீட்டுக்காரரும் கூடவே வர வேண்டும் என்று கெஞ்சினான். பாசத்தில் இல்லை. அவனைவிட அதிகமாக மூச்சு வாங்குகிற ஆள் பக்கத்தில் இருந்தால் அவன் வாங்குவது தெரியாதாம்.

முதலில் சாமான். பெரிய விளையாட்டுக் கடைக்குப் போய் ஒரு மழைக்கோட்டின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். மலை ஏறாமலே எனக்குத் தலை சுற்றிவிட்டது. கடைக்காரப் பையன் வேறு, "எந்த மாதிரி மழைக்கு?" என்று கேட்டான். மேலேயிருந்து விழுகிற மழைக்குத்தான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். அவருடைய டிப்போவில், பஸ்ஸில் விட்டுப்போன சாமான்களை யாரும் தேடி வராவிட்டால் கொஞ்ச நாள் வைத்திருந்து ஊழியர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அங்கிருந்து மூன்று மழைக்கோட்டு, இரண்டு முதுகுப் பை, ஒரு ஊன்றுகோல் வந்தது. எனக்கு வந்த கோட்டு என்னைப்போல் இன்னொருத்திக்கும் இடம் கொடுக்கும். எனக்கும் அவருக்கும் ஷூ பழைய சாமான் கடையில் கிடைத்தது. தம்பி கால் அளவுக்கு அங்கே இல்லை. விளையாட்டுக் கடையிலேயே, யாரும் சீந்தாமல் மூலையில் கிடந்த ஒரு ஜோடியைத் தள்ளுபடியில் வாங்கினோம். மஞ்சள் நிறம். சாதாரண மஞ்சள் இல்லை, இருட்டில் லாரிக்காரனுக்குத் தெரிகிற மஞ்சள்.

அடுத்தது வழி. தம்பி செல்போனில் ஒரு ஆப்பைத் திறந்து பச்சைக் கோடா சிவப்புக் கோடா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டான். பச்சை குழந்தைகளுக்காம், மானம் போய்விடும். சிவப்பில் உயிர் போய்விடும். நூலகத்தில் மலை வரைபடங்களை இரவலாகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதையும் கொண்டுவந்து தரையில் விரித்து, அதன்மேலேயே தூங்கிப்போனான். கடைசியில் கைகொடுத்தது என் வீட்டுக்காரர்தான். அவர் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் மலையடிவாரம். சேற்று ஷூவோடு ஏறுகிற ஒவ்வொருவரையும் பிடித்து, எந்தப் பக்கம் வழுக்கும், எங்கே உட்காரலாம், எங்கே கழிப்பறை என்று வாரம் முழுக்க விசாரித்து வைத்திருந்தார். "நடுவுல ஒரு குடில் இருக்குதாம். சூடா சூப் தருவாங்களாம். அது வரைக்கும் ஏறினா போதும், மானம் தப்பிச்சிடும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் சாயம் போன கோட்டும் தேய்ந்த ஷூவுமாக வந்திருந்தாள். எங்களைப் பார்த்து, தம்பியின் காலில் கொஞ்சம் அதிக நேரம் கண்ணை நிறுத்தி, "போலாமா மேடம்?" என்றாள். என் வீட்டுக்காரரிடம், "வாங்கண்ணா" என்றாள்.

ஏறினோம். என் மூச்சு ரயில் விட்டது. தம்பி பாவம், மூச்சு வாங்குவதை மறைக்க ஒரு தந்திரம் வைத்திருந்தான். அவளிடம் ஒரு கேள்வி கேட்பான், அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை இவன் காற்றை உள்ளே இழுத்துக்கொள்வான். ஆனால் போகப்போக அவன் நிஜமாகவே கேட்க ஆரம்பித்துவிட்டான். அவளும் இவனைக் கேட்டாள். இவன் லிஃப்ட் கதைகளை அவிழ்த்துவிட்டான். விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட வக்கீல் ஆபீசுக்குப் போன புருஷன் பெண்டாட்டி நடுவழியில் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்களாம். இவன் கூரைமேல் உட்கார்ந்து திருகாணியைக் கழற்றிக்கொண்டே கீழே நடக்கிற சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ணினானாம். அவள் சிரித்த சிரிப்பில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கால் வலி மறந்தே போனது. ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்காரர் கையைக் கிள்ளினேன்.

குடில் வந்தது. உள்ளே சூப் வாசனை. வாசல் பக்கத்தில் அழகாக ஒரு மர அலமாரி. "பரவாயில்லையே, செருப்பு வைக்க ஸ்டாண்டெல்லாம் போட்டிருக்காங்க" என்று என் வீட்டுக்காரர் மெச்சிக்கொண்டே ஷூவைக் கழற்றி வைத்தார். நானும் வைத்தேன். தம்பி மஞ்சளை வைத்தான். அவளும் பின்னாலேயே வந்து கழற்றி வைத்தாள். நாலு ஜோடியும் வரிசையாக, கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது. உள்ளே எல்லாரும் ஷூவோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, இவர்களுக்கு ஒரு சுத்தபத்தம் கிடையாது என்று நான் மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

சூப்பைக் குடித்துவிட்டு வெளியே வந்தால் அலமாரியில் மஞ்சள் மட்டும் இருந்தது.

குடில்காரர் ஓடிவந்து தலையில் கைவைத்தார். அது செருப்பு ஸ்டாண்டு இல்லையாம். தனக்குத் தேவைப்படாத மலைச்சாமானை அங்கே வைத்துவிட்டுப் போவார்களாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாமாம். மேலே பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. சற்று முன்னால் வந்த மாணவர் கூட்டம் ஒன்று, யாரோ புண்ணியவான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று வாழ்த்திவிட்டு எடுத்துப்போனதாம். மஞ்சளை அவர்களும் தொடவில்லை.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "வருஷக்கணக்கா ஏறுறீங்களே, இந்த மாதிரி ஆனா என்ன செய்வீங்க?"

நான் குறுக்கே விழுந்தேன். "அவன் எத்தனை மலை பாத்தவன்! போன வருஷம்கூட..."

"அக்கா, போதும்" என்றான் தம்பி. "நான் ஒரு மலையும் ஏறினதில்லைங்க. இதுதான் முதல் தடவை. இதுக்கு முன்னாடி ஏறினதெல்லாம் லிஃப்ட்லதான். உங்ககூட நடக்கணும்னு பொய் சொல்லிட்டேன். இந்த வழியக்கூட மாமாதான் விசாரிச்சாரு."

எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை மேடு ஏறி, கழுத்து வரை வந்த சம்பந்தத்தை இப்படிப் போட்டு உடைத்துவிட்டானே என்று அவனை அங்கேயே உருட்டிவிடலாம் போலிருந்தது.

"தெரியும்" என்றாள் அவள். "ஷூவுல விலைச்சீட்டு தொங்குது. அடிவாரத்துலேர்ந்து பாத்துட்டுத்தான் வர்றேன்."

தம்பி அலமாரியிலிருந்த மஞ்சளைக் குனிந்து பார்த்தான். தொங்கியது. என் வீட்டுக்காரர் ஊன்றுகோலை ஆராய்ச்சி செய்தார்.

பிறகு தம்பி மெதுவாகக் கேட்டான். "நாங்கதான் தெரியாம வெச்சோம். நீங்க இங்க எத்தனையோ தடவை வந்திருப்பீங்களே. நீங்க ஏங்க கழட்டினீங்க?"

அவள் அந்தப் பலகையைப் பார்த்தாள். காது நுனி சிவந்துபோனது.

"என் பழைய தொப்பியையே இங்கதான் வெச்சேன் போன மாசம்" என்றாள். "நீங்க அந்தப் புருஷன் பெண்டாட்டி கதைய பாதியில விட்டுட்டு உள்ள போயிட்டீங்க. மீதியக் கேக்கணும்னு வந்தேன். எப்ப கழட்டினேன்னே தெரியல."

தம்பி வாயைத் திறந்தபடி நின்றான். கீழ்வரிசையில் ஒரு பல்லுக்குச் சிமெண்டு வைக்க வேண்டும் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

குடில்காரர் சாக்கும் பழைய துணியும் கொண்டுவந்து கொடுத்தார். மருந்துக்கடைக்காரி இல்லையா, அவள் பையில் கட்டுப்போடுகிற சுருள் துணி நிறைய இருந்தது. என் வீட்டுக்காரர் காலில் சாக்கைச் சுற்றி, மேலே துணியால் இறுக்கிக் கட்டினாள். "வலிக்குதாண்ணா?" என்றாள். அடுத்து என் முன்னால் வந்து மண்டியிட்டாள்.

"காலை நீட்டுங்க அண்ணி."

நான் நீட்டவில்லை. நீட்ட மறந்துவிட்டேன். மேடம் எங்கே போனாள் என்று ஒரு கணம் தேடினேன். அப்புறம் இரண்டு காலையும் ஒரேயடியாக நீட்டி அவள் மடியிலேயே போட்டேன், சிரித்தேன், அழுதேன், மூக்கைத் துடைக்க அந்த இன்னொருத்திக்கும் இடம் கொடுக்கிற கோட்டு நல்ல வசதியாக இருந்தது. "என்னை முதல்லேர்ந்தே அண்ணான்னுதான் கூப்பிடுது, நான்தான் முதல்ல சொந்தம்" என்று என் வீட்டுக்காரர் வீறாப்புப் பேசினார்.

தம்பி மஞ்சள் ஜோடியை அவளுக்கே கொடுத்தான். அவள் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு மற்றதை அவனிடம் நீட்டினாள். ஆளுக்கு ஒரு காலில் மஞ்சளும் ஒரு காலில் சாக்குமாக, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நொண்டி நொண்டி இறங்கினார்கள்.

"அப்புறம்? அந்தம்மா கையெழுத்துப் போட்டாங்களா இல்லையா?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது.