மாற்ற வேண்டிய தேதி

கண்ணாடிக்காரரின் மனைவிக்கு மூன்று மாதத்தில் நான்காவது முறையாக வயிறு கெட்டது. முதல் தடவை வெளியில் சாப்பிட்டது என்றார்கள். இரண்டாவது தடவை வெயில் என்றார்கள். மூன்றாவது தடவை எதுவும் சொல்லத் தோன்றவில்லை. நான்காவது தடவை, பள்ளி நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவள் பாதியில் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. அன்று மாலையே டாக்டரிடம் போனாள்.

டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ஃபில்டர் தண்ணிதான் டாக்டர்," என்று அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"கடைசியா ஃபில்டரை எப்ப மாத்தினீங்க?"

அவள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கணவரிடம் கேட்டாள். "ஏங்க, அந்த ஃபில்டரை எப்ப மாத்தினீங்க?"

"நானா? நீ ஆளைக் கூப்பிட்டு மாத்தியிருப்பேன்னு நெனச்சேன்."

"நான் நீங்க மாத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் ஃபில்டரை மாற்றி வந்தது இரண்டு பேருமே இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் மாற்றி வந்த மகனின் பேச்சை எடுக்க இருவருக்கும் வாய் வரவில்லை. "பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் கை கழுவப் போனார். பார்க்கலாம் என்று அவர் சொன்னால் பார்க்க மாட்டார் என்று பொருள்.

அவர் ஊரின் கடைத்தெருவில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாக லென்ஸ் தேய்ப்பவர். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்து, ஓரத்தை மழுக்கி, ஃபிரேமுக்குள் உட்கார வைப்பது அவர் வேலை. கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை. தேய்க்கும் சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளே கிடையாது.

மகனும் அதே அறையில்தான் வேலை பழகினான். அவனுக்கும் கை நன்றாகத்தான் வந்தது. ஒரே ஒருநாள், சாய்வு பார்த்து வைக்க வேண்டிய லென்ஸைப் பத்து டிகிரி மாற்றி வைத்துவிட்டான். கண்ணாடி போட்டவர் தலைவலியோடு திரும்பி வந்தார். கண்ணாடிக்காரர் வெளியே வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாலு வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "அடுத்தவன் கண்ணைக் கெடுக்கிறதுக்குன்னே பொறந்திருக்கான் இவன்," என்று சொல்லிவிட்டார்.

மகன் மேல் அங்கியைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். ஒரே வாரத்தில் வேறு ஊரில், லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அவன் அங்கியைக் கழற்றிய அன்று சாயங்காலத்துக்குள் கண்ணாடிக்காரர் இன்னும் பதினோரு லென்ஸ் தேய்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அதன்பிறகு ஒரு வருஷமும் எட்டு மாதமும் ஓடிவிட்டன. மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் பண்ணுவான். அவள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். கண்ணாடிக்காரர் உள்ளே செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவன் என்ன சொன்னான் என்று அவர் கேட்கமாட்டார், இவளும் சொல்லமாட்டாள். கோபம் என்று சொல்ல முடியாது. வருத்தம் என்றும் சொல்ல முடியாது. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது அவருக்கு. இருக்கிறது என்று தெரியும், தொட்டால் தெரியாது.

வீட்டில் மற்றதெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஃபில்டர் குழாயில் ஜாடியை வைத்தால் முன்பெல்லாம் பல் தேய்த்து முடிப்பதற்குள் நிரம்பிவிடும். பிறகு பல் தேய்த்து முகம் மழிக்கும் நேரமானது. அதன்பிறகு குளித்துவிட்டு வரும் நேரம். தண்ணீர் வரத்து குறைகிறது என்று அவர் நினைக்கவே இல்லை. ஜாடியை வைத்துவிட்டுக் குளிக்கப் போவதுதான் வழக்கம் என்று ஆகிவிட்டது. ஒரு கட்டத்தில் சிங்க்குக்குக் கீழே அலமாரியின் மேல்சட்டத்தில் இருந்த ஃபில்டரின் சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. கண்ணை உறுத்துகிறது என்று கடையிலிருந்து ஒரு துண்டுக் கறுப்பு ஒட்டுநாடா கொண்டுவந்து அதன்மேல் ஒட்டினார். ஒட்டியதை அன்றைக்கே மறந்துவிட்டார்.

டாக்டரிடம் போய்வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியின் தம்பி வந்தான். பஸ் ஓட்டுபவன். நாள் முழுக்கப் பேசாமல் ஓட்டுவதால், இறங்கியதும் சேர்த்து வைத்துப் பேசுவான் என்று அக்காவே கேலி செய்வாள். படியேறி வந்த களைப்பில் ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி மடமடவென்று குடிக்கப் போனவன், பாதியிலேயே சிங்க்கில் துப்பினான்.

"அக்கா! இது தண்ணியா, மீன் தொட்டியக் கழுவி ஊத்தினதா?"

"ஏன்டா?"

"மோந்து பாரு. வாசமே வேற மாதிரி இருக்கு."

அக்கா முகர்ந்தாள். மூக்கைச் சுருக்கினாள். அவன் டம்ளரைக் கண்ணாடிக்காரரிடம் நீட்டினான். அவர் ஒரு வாய் குடித்தார், விழுங்கினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்கு என்னதான் அத்தான் தெரியுது?" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சொன்ன பிறகுதான் அது வேறு எங்கோ போய்ப் படுகிறது என்று உணர்ந்தான். அக்காவைப் பார்த்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி சரி, கீழ தொறந்து பார்ப்போம்," என்று பேச்சை மாற்றினான்.

கண்ணாடிக்காரர் தரையில் உட்கார்ந்து சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தார். மூன்று உருளைகள் வரிசையாக நின்றன. முதல் உருளை மட்டும் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக், மற்ற இரண்டும் வெள்ளை. அதற்குள் இருந்த பஞ்சு ஃபில்டர் சேற்றில் முக்கி எடுத்த துணி மாதிரி கறுத்துப்போயிருந்தது. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மகனின் கையெழுத்து. அவன் எழுத்து எப்போதும் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். மாற்றிய தேதிகளை ஆறு மாத இடைவெளியில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியிருந்தான். கடைசித் தேதி, அவன் வீட்டை விட்டுப் போவதற்கு ஒரு மாதம் முந்தையது. அதற்குக் கீழே கோடுகள் மட்டும் போட்டு விட்டிருந்தான். இனி எழுதுவதற்காக.

கண்ணாடிக்காரர் அந்தக் காகிதத்தைப் படித்தார். நெஞ்சு கனக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார் போல. ஒன்றும் கனக்கவில்லை. இருபத்தொரு மாதம், ஆறால் வகுத்தால் மூன்று தடவை தவறியிருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

உருளையைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. மச்சினன் பக்கத்தில் குந்தி, இடமா வலமா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திருகிப் பார்த்தான். கை வழுக்கி முழங்கை அலமாரியில் இடித்ததுதான் மிச்சம். உருளைமேல் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டு ஈரத்தில் உரிந்து போயிருந்தது. என்ன அளவு, எந்த மாதிரி என்று தெரியாமல் கடையில் போய் என்னவென்று கேட்பது?

"நீ கேளேன் அவனை," என்றார் கண்ணாடிக்காரர், மனைவியைப் பார்க்காமல். இருபது மாதத்தில் 'அவனை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"நான் கேக்க மாட்டேன்."

"ஏன், இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே. எப்படியும் பேசப்போறே."

"பேசுவேன். ஆனா இதைக் கேக்க மாட்டேன். வயிறு எனக்குக் கெட்டுப்போச்சு, மருந்து எனக்குக் குடுத்தாங்க. எல்லாத்தையும் நானே பண்ண முடியாது. வேணும்னா நீங்க கேளுங்க." குரலை உயர்த்தவே இல்லை. தன் போனில் அவன் எண்ணை எடுத்து, அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவருக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மச்சினனும் திடீரென்று பால்கனியில் ஏதோ வேலை இருப்பவன் போல எழுந்து போனான்.

போன் இரண்டு தடவை மணி அடித்தது.

"சொல்லும்மா!" என்றது குரல். அப்படி ஒரு துள்ளலோடு அவன் பேசி அவர் கேட்டதே இல்லை. கடையில் அவனிடமிருந்து வந்ததெல்லாம் 'சரிப்பா', 'வச்சிட்டேன்ப்பா' இரண்டும்தான்.

"நான்தான்."

குரலில் துள்ளல் அடங்கிவிட்டது. பிறகு அவசரமாக, "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கா. இந்தத் தண்ணி ஃபில்டர்... அதைக் கழட்ட வரமாட்டேங்குது."

அந்தப் பக்கம் யாரோ சுத்தியலால் இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை போலிருக்கிறது.

"தண்ணிய மூடினீங்களா?"

"எங்க?"

"சுவத்துகிட்ட நீலப் பிடி இருக்கும். அதை மூடிட்டு, மேல குழாயத் தொறந்து விடுங்க. உள்ள அழுத்தம் இருந்தா கழறாது."

மூடினார். திறந்தார். குழாய் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது.

"கழட்ட ஒரு பெரிய வளையச் சாவி இருக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக். பால்கனில பழைய ஷூ டப்பாக்குள்ள வச்சிருக்கேன்."

மச்சினன் அதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான். சொல்லி முடிப்பதற்குள் சாவியோடு வந்து நின்றான்.

"கீழ இருந்து பார்த்தா எந்தப் பக்கம்?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். தலை அலமாரிக்குள் இருந்தது.

"உங்க இடது கைப் பக்கம். மெதுவா. கீழ ஒரு பக்கெட் வைங்க, தண்ணி கொட்டும்."

உருளை கழன்றது. கறுத்த தண்ணீர் பக்கெட்டில் கொட்டியது. ஆற்றோரத்துச் சேற்றின் வாடை அடித்தது. பத்து அங்குல நீளம், முதலில் பஞ்சு, அடுத்தது கார்பன் என்று மகன் சொல்லச் சொல்ல மச்சினன் தன் போனில் குறித்துக்கொண்டு கடைக்கு ஓடினான். மூன்றாவது மற்ற இரண்டையும்விட அதிக நாள் வரும், அதை இப்போது மாற்ற வேண்டாம், இன்னும் நாலு மாதம் தாங்கும் என்றான் மகன்.

"இந்த ரெண்டாவது ஒண்ணும் ஆகாத மாதிரிதானே இருக்கு?" என்றார் கண்ணாடிக்காரர், கார்பனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

"அது முதல்லேர்ந்தே கறுப்புதான்ப்பா. வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. அடைஞ்சுபோயிருந்தாலும் அப்படியேதான் இருக்கும். பஞ்சு ஃபில்டரைக் கண்ணால பார்த்து மாத்திரலாம். இதைத் தேதி பார்த்துத்தான் மாத்தணும். செவப்பு லைட்டு எரிஞ்சிருக்குமே, பாக்கலையா?"

கண்ணாடிக்காரர் ஒட்டுநாடாவைப் பார்த்தார். "எரிஞ்சுது," என்றார்.

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. "புதுசு போட்டதும் ரெண்டு பக்கெட் தண்ணிய வடிச்சுக் கீழ ஊத்திருங்க. முதல்ல கறுப்பா வரும், பயப்படாதீங்க," என்றான். யாரோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டான்.

புது ஃபில்டர் வந்தது. போட்டார். சக்கரத்தில் லென்ஸை வைக்கிற அதே நிதானத்தோடு போட்டும், நீலப் பிடியைத் திறந்ததும் இரண்டாவது உருளையின் கழுத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. இன்னும் இறுக்கினார். இன்னும் சொட்டியது. மச்சினன் தன் முழு பலத்தையும் காட்டி இறுக்கினான். சொட்டு, கோடாக மாறியது.

இந்தத் தடவை மனைவி எண்ணை அழுத்திக் கொடுக்கவில்லை. கண்ணாடிக்காரரே போனை எடுத்தார்.

"ஒழுகுது," என்றார்.

"இறுக்காதீங்க. கழட்டுங்க. உள்ள கறுப்பா ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது பள்ளத்துல சரியா உக்காந்திருக்கான்னு பாருங்க. முறுக்கிக்கிட்டிருக்கும்."

முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. விரல் நுனியால் அதைப் பள்ளத்தில் படிய வைத்து மாட்டினார். கையால் திருகுகிற அளவுக்கு மட்டும் திருகினார். ஒழுகவில்லை.

"நின்னுருச்சு," என்றார்.

"ம்," என்றான் அவன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வைக்காமல் இருந்தார்கள். பிறகு எந்தப் பக்கம் வைத்தது என்று தெரியாமல் போன் அணைந்தது.

மனைவி அறை வாசலில் நின்றிருந்தாள். "என்ன சொன்னான்?"

"ரப்பர் வளையத்தைப் பள்ளத்துல சரியா உக்கார வைக்கச் சொன்னான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அதில் எதையாவது எதிர்பார்த்தாள். இருபது மாதமாக எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது முகம். இரண்டு பக்கெட் கறுப்புத் தண்ணீரை அவர் கொண்டுபோய்க் கழிப்பறையில் ஊற்றினார். தரையைத் துடைத்தார். மச்சினன் சட்டையெல்லாம் நனைந்துபோய், "நம்ம பஸ்ஸுக்கு டயர் மாத்தறதே இதைவிடச் சுலபம்," என்று சொல்லிக்கொண்டு டீ குடித்தான்.

அந்த வாரத்துக்குள்ளேயே அவளுக்கு வயிறு சரியாகிவிட்டது. இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனின் போன் வந்தபோது அவள் பால்கனியில் கால் மணி நேரம் பேசினாள். பிறகு கதவைத் திறந்து உள்ளே வந்து, போனை அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக் காதில் வைத்தார்.

"தண்ணி ஒழுங்கா வருதாப்பா?"

"வருது."

அன்று கடையில் தான் சொன்னதற்காக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தச் சொல்லைத் தேடினார், அது எங்கே போனதென்று தெரியவில்லை.

"அங்க தண்ணி எப்படி?" என்று கேட்டார்.

"உப்புத் தண்ணிப்பா. குளிச்சா முடி கொட்டுது."

"எனக்கும் உன் வயசுலதான் கொட்ட ஆரம்பிச்சுது."

அந்தப் பக்கம் அவன் சிரித்த மாதிரி இருந்தது. மூச்சாகவும் இருக்கலாம்.

அவ்வளவுதான் பேசினார்கள். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போய்ச் செய்தித்தாளை விரித்தார். நாலாம் பக்கம்வரை படித்தார். என்ன படித்தீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பால்கனிக் கதவு சாத்தாமல் கிடந்தது. அவள் பேசுவதெல்லாம் அவர் காதில் விழுந்தது.