விலாவில் ஓர் இடி

பொன்னுசாமியின் கணக்கில் உலகத்தில் பாதிப் பேர் சோம்பேறிகள், மீதிப் பேர் பயந்தாங்கொள்ளிகள். குறட்டைக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்ன மனைவி ரேவதி இரண்டாவது ரகம்.

"கொறட்டை வுடறவனெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா கிருஷ்ணகிரில ஒரு கடை தெறந்திருக்காதுடி" என்று சிரித்தார். அவள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திப் படுக்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது.

ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிப்போவார். பக்கத்து இருக்கையில் வரும் கான்ட்ராக்ட் ஆள் உஸ்மான் விலாவில் இடித்து எழுப்புவான்.

"ஏன்டா, பெர்மனென்ட் ஆளு பக்கத்துல ஒக்காந்து வர்றதே உனக்கு அதிகம். இதுல கொறட்டை வேற கசக்குதா?"

பஸ்ஸே சிரிக்கும். உஸ்மான் வாயைத் திறக்க மாட்டான். மறுநாளும் இடிப்பான். மானங்கெட்டவன் என்று பொன்னுசாமி முடிவுகட்டினார்.

ஒருநாள் கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும்போதே அவருக்குக் கண் சொருகியது. பெருக்கிக்கொண்டிருந்த சென்னம்மாவை உரசாத குறையாகத் தாண்டி, வண்டி சுவரில் முட்டி நின்றது. ஆண்டவன் இரக்கப்பட்டு விட்டுவைத்த இடைவெளி ஒரு முழம்தான். "பிரேக் சரியில்ல" என்று கத்தி, மெக்கானிக்கையும் திட்டித் தீர்த்தார். பொய் என்று அவருக்கு மட்டும் தெரியும். விடுப்புப் போட்டு, யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டர் பிரவீனாவைப் பார்த்ததும், இந்தப் பொடிசுக்கு என்ன தெரியும் என்று நினைத்தார்.

"தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருதாங்க?"

"தூங்கறவனுக்கு அது எப்படிம்மா தெரியும்?"

"கூட இருக்கறவங்க பாத்திருப்பாங்களே?"

மூடிய கதவு நினைவுக்கு வந்தது. "கம்பெனி பஸ்ல நாப்பது பேரு பாத்திருக்கான்" என்று இளித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அதுல ஒருத்தர போன்ல பேச வைங்க."

பஸ்ஸில் தன்னோடு சேர்ந்து சிரிக்கும் இருவரைப் பொன்னுசாமி போனில் அழைத்தார். "ரைஸ்மில்லு மாதிரி ஓடும் மேடம்" என்பதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் உஸ்மானை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை டாக்டர் மேசையில் வைத்தார்.

"கொறட்டை எனக்குத் தொந்தரவு இல்லீங்க மேடம். அது திடீர்னு நின்னுடும். மூச்சே இருக்காது. பயந்துபோய் இடிப்பேன். அப்பறம் ஒரே இழுப்பா இழுத்து வுடுவாரு."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"பஸ்ல சொன்னா அண்ணன நோயாளின்னு எல்லாரும் சிரிப்பாங்க. நான் திட்டு வாங்கிக்கிட்டா என்னா கொறஞ்சிடப் போவுது?"

பொன்னுசாமிக்குத் தலை நிமிரவில்லை.

மூச்சு நிற்கிறதா என்று பார்க்க ஓர் இரவு இங்கே தூங்க வேண்டும், சரியாகும்வரை எந்த வண்டியும் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர்.

மறுநாள் பொன்னுசாமி சூப்பர்வைசர் ராஜ்குமாரின் மேசையில் ஃபோர்க்லிஃப்ட் சாவியை வைத்தார். "பிரேக்ல கோளாறு இல்லீங்க. நான்தான் தூங்கிட்டேன்."

"தூங்கறதுக்குத்தான் சம்பளமா? போய் அட்டைப்பொட்டி ஒட்டுய்யா!" ராஜ்குமார் சிரித்தார். பொன்னுசாமிக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் அது அவருடையதாக இருந்தது. பெட்டி ஒட்டப் போனார்.

அன்று முழுக்க அந்த வண்டி அசையவில்லை. சென்னம்மா நடுவழியிலேயே, வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்க்காமல் பெருக்கிக்கொண்டு போனாள்.