ஆறு வாரக் கணக்கு

என் பேரன் ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராமில் பிறந்தான். எட்டாம் மாதத்துப் பிள்ளை அப்படித்தான் இருக்கும், போகப்போகத் தேறிவிடும் என்று சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் நானே போன் போட்டுச் சொன்னேன். இருபத்தாறு வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள் நான். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லுவேன், யாரும் மறுத்துப் பேசியதில்லை.

மறுநாள் காலை குழந்தையின் கை கால் வெடவெடவென்று நடுங்கியது. நர்ஸ் குதிகாலில் குத்திப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்றாள். ஓடி வந்த டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு, அவன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். காதை மடக்கிவிட்டார், அது உடனே நிமிர்ந்துகொண்டது.

"உள்ளங்கால் முழுக்க ரேகை இருக்கு. இது எட்டு மாசப் பிள்ளை மாதிரி தெரியலையே. நாள் நிறைஞ்ச பிள்ளை, வயித்துக்குள்ளயே வளராம நின்னுருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. "அதெப்படி டாக்டர்? வேளாவேளைக்குப் பார்த்துப் பார்த்துச் சோறு போட்டேனே!"

"சாப்பாடு மட்டும் காரணம் இல்லம்மா" என்று மருமகளிடம் திரும்பினார்.

வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா? இல்லை. நடுவில் காய்ச்சல் வந்ததா? இல்லை. ரத்தசோகை? மாத்திரை ஒழுங்காகப் போட்டாள். தலைவலி, கால் வீக்கம்? கடைசி மாதம் இரண்டும் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி என்றால் கால் வீங்கத்தான் செய்யும் என்று வாயை அடைத்தவள் நான்தான்.

"பிரஷர் ஏறினா நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்கு ரத்தம் சரியாப் போகாது. வயிறு எப்ப பெருசாகாம நின்னுச்சு?"

அது எனக்குத்தான் தெரியும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அவள் உடுப்பைப் பக்கத் தையல் பிரித்துக் கொடுப்பேன். கடைசி ஐந்து வாரம் பிரிக்க வேண்டியே வரவில்லை. "உன் பிள்ளை எனக்கு வேலை வைக்கல, சமத்து" என்று கிண்டல் வேறு செய்தேன், பாவி. அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன்.

"ஆனா மாசத்துக்கு ஏத்த வளர்ச்சின்னு கடைசி ஸ்கேன்ல போட்டிருக்கு. அப்ப நீங்க சொன்ன மாசமே தப்பு." டாக்டரம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "கடைசியா மாதவிலக்கு ஆன தேதியைச் சரியா சொல்லும்மா. அதை வெச்சுத்தான் இவனுக்கு எதைப் பார்க்கணும், உனக்கு எதைப் பார்க்கணும்னு முடிவு பண்ணணும்."

மருமகள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமான ஏழாம் மாதம் மூன்றரைக் கிலோவில் பிள்ளை பிறந்தது. கடைக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் விரல்விட்டு எண்ணிக் காட்டிச் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள் மருமகள். அவள் கல்யாணமாகி வந்து அப்போது இரண்டே வாரம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் தெருவில் அந்த வாய் என்னுடையது.

"நான் வெளியில இருக்கேன் டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வராந்தா நாற்காலியில் உட்கார்ந்ததும் கோபம் வந்தது. மகன் மேல், அவள் மேல். அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தையின் அழுகை பூனைக்குட்டிச் சத்தம் போலக் கேட்டது. இவன் பிழைத்தால் போதும், மற்றதெல்லாம் நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தேன்.

நர்ஸ் வெளியே வந்தாள். "தேதி சொல்லிட்டாங்கம்மா. ஆறு வாரம் வித்தியாசம். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கு, இன்னும் சில டெஸ்ட் எடுக்கணும்."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"வளர்ச்சி நின்னதை அப்பவே கண்டுபிடிச்சிருப்பாங்க. இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டாங்க."

"ஊருக்குத்தான் மறைச்சா. டாக்டர்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிம்மா சொல்லுவாங்க? ஒவ்வொரு செக்கப்புக்கும் நீங்கதான் கூட வந்தீங்களாம்."

ஆமாம். ஒரு தடவைகூட நான் அவளைத் தனியாக அனுப்பியதில்லை.