தாட்சாயினி வேலை செய்கிறாளா?

1

இது ஒட்டுக்கேட்ட கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. 2011 மார்ச்சில், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெண் தன் கணவனிடம் கேட்டாள்:

"நான் உங்களுக்கு வேலை செய்யிறேனா, இல்லையா? ஒரு சொல்லிலை சொல்லுங்கோ."

அவன் வடையைக் கடித்தான். என் பழைய கதை அந்த இடத்திலேயே நின்றுபோனது.

2

முதல் தொடக்கம்: தாட்சாயினியின் கணவன் ஒரு கொடுமைக்காரன். அவன் அவளை ஒருநாளும்—

இல்லை. அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். பதில் சொல்லாமல் வடை கடிக்கிறவனையெல்லாம் கொடுமைக்காரன் ஆக்குவது என்னைப் போன்றவர்களின் சோம்பேறித்தனம். சேந்தன் (பெயர்கள் நான் வைத்தவை) நல்ல மனிதன். வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பவன். 2009இல், தனியாள் தொழில் தொடங்க லேசான சட்டம் வந்த கையோடு, தன் பெயரில் பதிந்துகொண்டவன்.

இரண்டாம் தொடக்கம்: தாட்சாயினி பாரிஸை அடுத்த சென் தெனியில் ஓர் அலுவலகக் கன்ரீனில் எட்டு வருடம் வேலை செய்தாள். கன்ரீனை மூடிவிட்டார்கள். இனி 'சோமாஜ்' கேட்கவேண்டும், அதாவது வேலை இழந்தவர்களுக்கான கொடுப்பனவு. இந்த நாட்டில் இன்னாரின் மனைவி என்றில்லாமல், தன் உழைப்பைக் காட்டி அவள் கேட்கும் முதல் உரிமை அது.

இது பரவாயில்லை. தொடர்கிறேன்.

3

படிவம் நிரப்பித் தரும் அருட்பிரகாசம் அண்ணை, கடதாசிகளைப் புரட்டாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மனுசன் சொந்தத் தொழில் எண்டால் உமக்கு ஒண்டும் வராது பிள்ளை. பிரிஞ்சிட்டம் எண்டு எழுதுவம். சேந்தன் ஆர்ஜொந்தெய்யிலை இருக்கிற தமையன்ரை விலாசத்தைக் குடுக்கட்டும்."

ஐயோ, எங்கள் ஆட்கள்! சேந்தன் அன்றே தமையனுக்குப் போன் எடுத்து, கடிதப்பெட்டியில் தன் பெயரையும் ஒட்டச் சொல்லிவிட்டான். தாட்சாயினிக்கு அது பிடிக்கவில்லை. பதினாறு வருடம் சேர்ந்திருந்துவிட்டு ஒரு புள்ளடியில் பிரிவதா? (புள்ளடி தெரியாதவர்களுக்கு: படிவத்துப் பெட்டிக்குள் போடும் குறுக்குக் கோடுகள். இந்த ஊரில் எங்கள் வாழ்க்கையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.)

4

எதிர்வீட்டு ரோசாலி புதுச்சேரிக்காரி, அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எந்த மடையன் சொன்னான்? உன் புருஷன் சம்பாதிக்கிறது உன் சோமாஜைத் தொடாதும்மா. அது நீ வேலை செஞ்சதுக்கு உள்ளது. பிரிஞ்சுட்டோம்னு பொய் எழுதினாத்தான் வம்பு."

தாட்சாயினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ரோசாலி முடிக்கவில்லை.

"சோமாஜ் ஆபீஸ்ல ஒண்ணு மட்டும் கேப்பாங்க. நீ அவர் தொழில்ல வேலை செய்றியா? செஞ்சா மறைக்காம சொல்லணும். அவங்க பாத்து முடிவு பண்ணுவாங்க."

"அவ ஒண்டும் செய்யிறதில்லை அன்ரி," என்றான் கூட வந்திருந்த சேந்தன், பட்டென்று.

அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான். சத்தியமாய் அதற்குத்தான். தாட்சாயினிக்கோ முகம் சுண்டிப்போனது. ஆட்கள் போன் எடுத்தால் பிரெஞ்சில் பேசுவது யார்? இன்ன வேலைக்கு இவ்வளவு என்று 'தெவி' எழுதி அனுப்புவது யார்? சமையலறைக்கு எந்த மஞ்சள் பூசலாம் என்று வாடிக்கைக்காரி மர்கரீத் மடாம் ஒன்றரை மணித்தியாலம் யோசித்தபோது, போனைப் பிடித்தபடி எல்லா மஞ்சளுக்கும் 'உய்' (ஆமாம்) சொன்னது யார்?

மறுநாள்தான் அந்தக் கடை, அந்தக் கேள்வி, அந்த வடை.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவள் 'இல்லை' என்கிறாள். கொடுப்பனவு வருகிறது. அடுத்த தடவை போன் அடிக்கும்போது அதை யார் எடுப்பதென்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். (எழுதிய எனக்கே மனம் ஒப்பவில்லை.)

இரண்டு: சேந்தன் கண் கலங்கி, "நீர் இல்லாட்டி என்ரை தொழிலே இல்லை" என்று— சேந்தன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. கிழித்துப் போட்டேன்.

6

ஆகவே சோமாஜ் அலுவலகத்துக்கே போவோம். [இங்கிருந்து எல்லாம் என் ஊகம்.] மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண் அதிகாரி. இந்தப் பக்கம் இரண்டு கதிரைகள், இருவரும்.

"உங்கள் கணவரின் தொழிலில் நீங்கள் வேலை செய்கிறீர்களா?"

தாட்சாயினி சேந்தனைப் பார்த்தாள். அவன் வாய் திறந்தது. 'ஒண்டும்' என்ற சொல் நுனிநாக்கு வரை வந்ததை அவள் கண்டாள். அவன் அதை விழுங்கினான். பிறகு தன் தட்டுத்தடுமாறும் பிரெஞ்சில் சொன்னான் (தமிழில் தருகிறேன்): "அவவையே கேளுங்கோ. அவவுக்குத்தான் எல்லாம் தெரியும்."

அதிகாரி தாட்சாயினியின் பக்கம் திரும்பினாள். தாட்சாயினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். என்ன சொல்லப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவளுக்காக அருட்பிரகாசம் அண்ணை பதில் சொன்னார், சேந்தன் சொன்னான், நானும் என் பங்குக்கு எழுதிப் பார்த்தேன். சேந்தனே வாயை மூடியபின் எனக்கென்ன வேலை? வாசகரே, நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்கள். அவள் பேசத் தொடங்கிவிட்டாள்.